ஒரே வேலை, ஒரே சம்பளம்

பெங்களூரின் கிழக்கே வைட்ஃபீல்ட் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியர்கள் குடியேற மைசூர் மகாராஜா நிலம் கொடுத்தார். அந்த மக்களின் தலைவர் பெயர் ஒயிட். அவர் பெயரால் ஊர் வைட்ஃபீல்ட் ஆனது. அப்போது இங்கே வயலும் தோட்டமும்தான். 1990-களில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரத் தொடங்கின. மக்கள் ஐ.டி.பி.எல். என்று சொல்லும் பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2023-இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

இந்தக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள் யார்? வாசலில் காவல் நிற்பவர்கள் யார்? கேண்டீனில் பாத்திரம் கழுவுபவர்கள் யார்? கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஆந்திராவிலிருந்தும் வடகர்நாடகத்திலிருந்தும் வந்தவர்கள் உண்டு. பலருக்குக் கம்பெனி நேரடியாகச் சம்பளம் தருவதில்லை. காண்டிராக்டர்தான் தருகிறார்.

ஒரு மாடியை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் துடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் எட்டு மணி நேர வேலை. மாதக் கடைசியில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். இது நியாயமா? நியாயம் இல்லை. இதற்குப் பெயர்தான் பாகுபாடு. வேலையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வேற்றுமை காட்டுவது பாகுபாடு.

ஒரு பெண் தொடுத்த வழக்கு

மும்பையில் மெக்கின்னன் மெக்கன்சி என்று ஒரு கம்பெனி. அங்கே ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தர் வேலை செய்தார். ஆண் சுருக்கெழுத்தர்களும் அங்கே இருந்தார்கள். ஆண்களுக்குச் சம்பளம் அதிகம். பெண்களுக்குக் குறைவு.

1977-இல் அவருக்கு வேலை போயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. "எனக்குக் குறைத்துக் கொடுத்த பணம் வர வேண்டும்" என்று கேட்டார்.

கம்பெனி இரண்டு காரணம் சொன்னது. பெண்கள் செய்வது வேறு வேலை என்றது. அவ்வளவு கொடுக்கத் தன்னிடம் வசதி இல்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987-இல் தீர்ப்பு வந்தது. இரண்டு காரணமும் செல்லாது என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வேலையின் பெயரைப் பார்க்காதே. உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார். சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தாலும் அது ஒரே மாதிரி வேலைதான். ஒருவரை 'ஹெல்பர்' என்றும், இன்னொருவரை 'ஹவுஸ்கீப்பிங்' என்றும் எழுதிவிட்டால் மட்டும் வேலை வேறாகிவிடாது.

வேலை கிடைக்கும் முன்பே

சம்பளத்தில் மட்டும்தான் பாகுபாடா? வேலைக்கு எடுக்கும்போதே பாகுபாடு காட்டுவதும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதை இரண்டு அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் சுகதேவ் தோரட். மற்றவர் பால் அட்டவெல்.

பத்திரிகையில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி அனுபவம். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மேல்சாதி இந்துப் பெயர். ஒன்றில் தலித் பெயர். ஒன்றில் முஸ்லிம் பெயர்.

2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மேல்சாதிப் பெயருக்குப் பதில் வரும் வாய்ப்பு மூன்று பங்கு என்று வைத்தால், தலித் பெயருக்கு இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு ஒரு பங்குதான். ஆளை யாரும் பார்க்கவில்லை. பெயரே போதுமானதாக இருந்தது.

பெண்களுக்கு இன்னொரு தடையும் வருகிறது. "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்வி அது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஐபோன் செய்கிறார்கள். கல்யாணமான பெண்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய அரசு தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. இப்போது அதன் இடத்தில் புதிய சட்டம் இருக்கிறது. அதன் பெயர் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டம் சொல்வது இதுதான்:

ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரி வேலை செய்தால் ஆண், பெண் என்று சம்பளத்தில் வேற்றுமை கூடாது.

வேலைக்கு எடுக்கும்போதும் அந்த வேற்றுமை கூடாது. சட்டமே தடை செய்த வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

"பெண்களுக்கு ஏற்றிக் கொடுத்தால் நம் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்களே" என்று சில ஆண்கள் பயப்படுவார்கள். பயம் வேண்டாம். சமமாக்குவதற்காக யாருடைய சம்பளத்தையும் குறைக்கக் கூடாது என்றும் இதே சட்டம் சொல்கிறது. ஆகவே ஆண்களும் பெண்களுடன் சேர்ந்து கேட்கலாம்.

சாதிக்கு என்ன சட்டம்? தீண்டாமையின் பேரில் ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது குற்றம். 1955-ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மனத்தில் சாதியை வைத்துக்கொண்டு பதில் போடாமல் இருந்தால்? அதை நிரூபிப்பது கடினம். அதனால்தான் அந்த அறிஞர்களின் சோதனை முக்கியமானது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அறிஞர்கள் என்ன செய்தார்கள்? விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆட்ரி டிகோஸ்டா என்ன செய்தார்? தன் சம்பளத்தை ஆண்களின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் பார்த்தால் பாகுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். மாதாமாதம் சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. சீட்டு ஆங்கிலத்தில் இருக்கலாம், கன்னடத்தில் இருக்கலாம். எண்களை நீங்கள் படித்துவிடலாம். எத்தனை நாள் வேலை? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று எவ்வளவு பிடித்தார்கள்? கையில் வந்தது எவ்வளவு? அதே வேலை செய்யும் இன்னொருவர் சீட்டையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

"சம்பளத்தை யாரிடமும் சொல்லாதீங்க" என்று சூப்பர்வைசர் சொல்லலாம். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். படிக்காமல், புரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள்.

எங்கே போவது?

முதலில் காண்டிராக்டரிடம் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். நான்கு பேராகப் போங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தோடு போங்கள். கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலை வாங்கும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும்.

அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறைக்கு மனு கொடுக்கலாம். பெங்களூரில் பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவன் இருக்கிறது. அது தொழிலாளர் துறையின் அலுவலகம். குறைந்த சம்பளத்துக்கு மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

எழுத்தும் எண்ணும் கற்றவருக்குச் சம்பளச் சீட்டும் ஒரு பாடப் புத்தகம்தான். அதை மாதம் தவறாமல் படியுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளமா?
2. கடைசியாக எந்த மாதம் சம்பளச் சீட்டு வாங்கினீர்கள்?
3. வேலை கேட்டுப் போனபோது பெயரையோ, ஊரையோ, கல்யாணத்தையோ காரணம் காட்டினார்களா? அப்போது என்ன செய்தீர்கள்?