கண்ணாடி கழுவு நீர்மம் உறைதல்

கண்ணாடி கழுவு நீர்மம் என்பது மகிழுந்து, பேருந்து போன்ற ஊர்திகளின் முகப்புக் கண்ணாடியில் படியும் சேற்றையும் தூசியையும் போக்கத் தெளிக்கப்படும் நீர்மம் ஆகும். கடுங்குளிர் நிலவும் நாடுகளில் இது தொட்டியிலோ குழாயிலோ பீச்சுமுனையிலோ உறைந்துவிடுவதுண்டு. கனடாவில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் உப்பு தூவப்படுகிறது. முன்னால் செல்லும் ஊர்திகள் வாரியிறைக்கும் உப்புச் சேறு, கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும். நீர்மம் இல்லாமல் துடைப்பானை மட்டும் இயக்கினால் சேறு கண்ணாடி முழுவதும் பரவும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் தொலைவைக் கடப்பதால், சில நொடிப் பார்வை மறைப்பும் விபத்தில் முடியலாம்.

உறைவதற்கான காரணங்கள்

தூய நீர் 0 பாகை செல்சியசில் உறைகிறது. அதன் உறைநிலையைக் குறைக்க மெத்தனால், எத்தனால் போன்ற ஆல்ககால்கள் சேர்க்கப்படுகின்றன. எடையில் 40 விழுக்காடு மெத்தனால் உள்ள கரைசல் ஏறத்தாழ −39 பாகையில் உறையும். அதே கரைசலில் சம எடை நீரைக் கலந்தால் மெத்தனால் 20 விழுக்காடாகக் குறைந்து, உறைநிலை ஏறத்தாழ −15 பாகைக்கு உயர்ந்துவிடும். கோடைக்கால நீர்மம் தொட்டியில் எஞ்சியிருக்கும்போது அதன் மேல் குளிர்கால நீர்மத்தை ஊற்றுவதாலும் இவ்வாறே நேர்கிறது.

தொட்டியில் உறையாத நீர்மம்கூடக் கண்ணாடியில் உறையலாம். ஆல்ககால் நீரைவிட விரைவாக ஆவியாவதால், கண்ணாடியில் எஞ்சும் படலத்தில் நீரின் பங்கு கூடுகிறது. ஆவியாதல் வெப்பத்தையும் உறிஞ்சிக் கண்ணாடியை மேலும் குளிர்விக்கிறது.

உறைந்த பின் செய்ய வேண்டியவை

* பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பனிக்கட்டியால் பம்பு சிக்கியிருந்தால் அதன் மின்னோடி பழுதாகலாம் அல்லது உருகி எரிந்துபோகலாம்.
* பீச்சுமுனை மட்டும் அடைபட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் வைக்கலாம்.
* தொட்டி முழுவதும் உறைந்திருந்தால், வெப்பமூட்டப்பட்ட ஊர்திக் கொட்டகையில் சில மணி நேரம் ஊர்தியை நிறுத்துவதே பாதுகாப்பான வழி. பல ஊர்திகளில் தொட்டி இயந்திரத்திலிருந்து தள்ளி அமைந்திருப்பதால், இயந்திரத்தை ஓடவிடுவது மட்டும் போதாமல் போகலாம்.
* உருகிய பின் பழைய நீர்மத்தை வெளியேற்றிக் குளிர்கால நீர்மத்தை நிரப்ப வேண்டும். குழாயிலும் பழைய நீர்மம் நிற்கும் என்பதால், புதிய நீர்மம் கண்ணாடிக்கு வரும்வரை தெளிக்க வேண்டும்.
* நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. எனவே தொட்டியில் விரிசலோ கசிவோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

உறைந்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால், திடீர் வெப்பநிலை வேறுபாட்டால் அது விரிசல் விடலாம். தொட்டியில் ஊற்றும் வெந்நீர் விரைவில் ஆறி, நீர்மத்தை மேலும் நீர்த்துப்போகச் செய்து மீண்டும் உறையும். இயந்திரக் குளிர்விப்பு நீர்மத்தைக் கழுவு நீர்மமாகப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள கிளைக்கால் கண்ணாடியில் வழவழப்பான படலமாகப் படிந்து பார்வையை மங்கச்செய்யும்.

தடுப்பு முறைகள்

குளிர்காலம் தொடங்கும் முன்பே தொட்டியைக் காலிசெய்து, அப்பகுதியின் மிகக் குறைந்த வெப்பநிலையைவிடத் தாழ்ந்த உறைநிலை கொண்ட நீர்மத்தை நிரப்ப வேண்டும். கனடாவில் −40 பாகை வரை தாங்கும் எனக் குறிக்கப்பட்ட நீர்மங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. வானிலை அறிக்கையில் கூறப்படும் காற்றுக் குளிர் அளவு மனித உடல் உணரும் குளிரைக் குறிப்பது. நீர்மத்தைத் தேர்வுசெய்ய உண்மையான காற்று வெப்பநிலையையே பார்க்க வேண்டும். பயணத்தின்போது, கண்ணாடியை உள்ளிருந்து சூடாக்கிய பிறகே நீர்மத்தைத் தெளிப்பது நல்லது.

நச்சுத்தன்மை

மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும்; சிறிதளவு குடித்தாலும் பார்வையிழப்போ இறப்போ நேரலாம். எனவே தொட்டியைக் காலிசெய்யும்போது குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது. நீல நிறமூட்டப்பட்ட நீர்மத்தைக் குழந்தைகள் குளிர்பானம் என எண்ணக்கூடும் என்பதால், அதை வேறு போத்தல்களில் ஊற்றி வைப்பதும் தவறு. யாரேனும் விழுங்கியிருந்தால், அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.6 விழுக்காடும் அதற்கு மேலும் மெத்தனால் கொண்ட கழுவு நீர்மங்களைப் பொதுமக்களுக்கு விற்பது 2019 மே மாதம் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.