வலிக்காத திட்டு

எச்.ஐ.வி. உள்ளவரின் உடம்பில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ ஒரு திட்டு வரலாம். அரிக்காது, வலிக்காது. நம் மாநிறத் தோலில் பழைய காயத் தழும்பு போலவே தெரியும். அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். அது கபோசி சார்கோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம். வாயைத் திறந்து மேலண்ணத்தையும் பாருங்கள், அங்கேயும் வரும். கால் காரணமில்லாமல் வீங்கலாம். நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், சளியில் ரத்தம் வரும். அந்தக் கட்டம் உயிருக்கு ஆபத்து.

1872இல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி விவரித்த நோய் இது. 1981இல் நியூயார்க், கலிபோர்னியா இளைஞர்களிடம் இது திடீரெனத் தென்பட்டதும் எய்ட்ஸ் வெளிச்சத்துக்கு வர ஒரு காரணம். கபோசி சார்கோமாவை உண்டாக்கும் வைரஸை 1994இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி கண்டறிந்தனர். அது பெரும்பாலும் எச்சில் வழியே பரவுகிறது. தொற்றிய எல்லோருக்கும் புற்று வருவதில்லை. பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி சரிந்தவரிடமே தலைதூக்குகிறது.

ஆப்பிரிக்காவில் இது அதிகம், இந்தியாவில் அரிது. அரிது என்பதால் மருத்துவருக்கே சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். ஆகவே, "எனக்கு எச்.ஐ.வி. உண்டு, இதற்குச் சதைப் பரிசோதனை வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். மருந்துக்கடையில் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடவே கூடாது; இந்தப் புற்றை அது வளர்த்துவிடும்.

முதல் மருந்து, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துதான். அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். ஆரம்ப நிலையில் அதுவே பலருக்குத் திட்டுகளைச் சுருங்க வைக்கிறது. முற்றியிருந்தால் கீமோதெரபியும் சேரும். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குத் திட்டுகள் பெருகுவதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி மீளும்போது நடப்பது அது. பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள், உடனே மையத்துக்குப் போங்கள்.

எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் பரிசோதனைக்குச் சதை எடுக்க மறுப்பதும், தனி அறையில் ஒதுக்குவதும் அநியாயம் மட்டுமல்ல, சட்டவிரோதம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியில் சொல்லக் கூடாது, நோயைக் காட்டி வேலையைவிட்டு நீக்கக் கூடாது. சிகிச்சை மறுக்கப்பட்டால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். அவசரமென்றால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மீறினால் ரூ.10,000 வரை அபராதம் உண்டு.

சந்தேகமிருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு அழையுங்கள், கட்டணமில்லை. இதுவரை எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளாதவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு இந்த வாரமே போங்கள்.