ஆறுகள் பிறக்கும் ஹோட்டன் சமவெளி

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் மலையேறும் பிரயாணி ஒருவர் வழிநெடுகக் காண்பது தேயிலையே. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று வண்டி ஏற ஏற, இருமருங்கும் சீவிவிட்டாற் போன்ற பசுஞ்சரிவுகள் தொடர்ந்து வருகின்றன. மலைநாடு முழுவதும் தேயிலைதான் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிவிடுவது இயல்பே. நானுஓயாவையும் அம்பேவலையையும் கடந்து, இலங்கைப் புகையிரதப் பாதையின் மிகவுயர்ந்த நிலையமாகிய பட்டிப்பொலவை அடையும்போது காட்சி மாறுகிறது. தேயிலை பின்தங்கிவிடுகிறது. கிளையெல்லாம் பாசி தொங்கும் குட்டை மரங்களும் அவற்றினூடே தவழும் மூடுபனியும் கண்ணிற் படுகின்றன. அங்கிருந்து மேலே செல்லும் பாதையின் முடிவில் இருப்பதுதான் ஹோட்டன் சமவெளி.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்தில், 3160 ஹெக்டேயர் பரப்பில் விரிந்துள்ள மேட்டுநிலம் இது. பாதி புல்வெளி, பாதி காடு என்று கூறலாம். இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களாகிய கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும் இதன் விளிம்பிலேயே நிற்கின்றன. 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். சிங்கள மக்கள் இதனை மகா எலிய தென்ன என வழங்கினர். மலைப் புல்வெளியைச் சிங்களத்தில் பத்தனை என்பர். சமவெளிக்குக் கீழேயுள்ள அக்கரப்பத்தனை என்னும் ஊர், இன்று தேயிலையால் மூடப்பட்டிருந்தாலும், தன் பெயரில் அந்தப் பழைய புல்வெளியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய நிலத்தை உழாமலும் வெட்டாமலும் சும்மா விட்டுவைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. காணி இல்லாதவர் நிறைந்த மலைநாட்டில் இக்கேள்வி எழுவதைக் குற்றமென்று சொல்ல முடியாது. இதற்கு விடை நீரில் இருக்கிறது.

சமவெளியில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயினும் மழை மாத்திரமே அங்கு நீர் தருவதன்று. மழையற்ற நாட்களிலும் மேகம் தாழ்ந்துவந்து மரங்களினூடே செல்கிறது. அதன் நுண்துளிகள் இலையிலும் கிளையிலும் பாசியிலும் ஒட்டித் திரண்டு, சொட்டுச் சொட்டாக நிலத்தில் வீழ்கின்றன. வானம் பொழியாத காலையிலும் மரத்தடி மட்டும் நனைந்திருப்பதைத் தோட்டத்துச் சிறுவர்கூடக் கண்டிருப்பர். இக்காரணத்தாலேயே தாவரவியலார் இதனை மேகக்காடு என்கின்றனர். மரத்தை வெட்டிவிட்டால் மேகம் வெறுங்கையோடு கடந்துபோகும்; நிலத்துக்கு ஒரு துளியும் கிடையாது. இவ்வாறு சேரும் நீரை, இலைமக்கு நிறைந்த கரிய மண் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. தேயிலைச் சரிவில் பெய்யும் மழையோ, எவ்வளவு கவனமாகக் கான் வெட்டியிருந்தாலும், மண்ணையும் இழுத்துக்கொண்டு விரைந்தோடிவிடுகிறது. மழை ஓய்ந்து பல வாரங்கள் சென்ற பின்னும் மலையோடைகள் வற்றாமல் ஓடுவது மேலேயுள்ள காட்டின் சேமிப்பினாலாகும்.

இந்தச் சேமிப்பிலிருந்து எழும் ஓடைகள் நான்கு திசையும் செல்கின்றன. அக்ரா ஓயா அக்கரப்பத்தனைப் பக்கமாக இறங்கிக் கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியை அடைகிறது. தலவாக்கலையில் 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையமும், அதற்குக் கீழே 1985ஆம் ஆண்டு முதல் இயங்கும் கொத்மலை மின்நிலையமும் இவ்வாற்றையே நம்பியிருக்கின்றன. பொகவந்தலாவை ஓயா காசல்ரி நீர்த்தேக்கத்தின் வழியாகக் களனி கங்கைக்குச் செல்கிறது. கொழும்பு நகரத்தார் குடிக்கும் நீர் களனியின் நீர் என்பது நேயர்கள் அறிந்ததே. தெற்கே பெலிஹுல் ஓயா இறங்கி வளவை கங்கையைச் சேர்ந்து, மழை குறைந்த தாழ்நிலத்து வயல்களுக்குப் பாய்கிறது. இவையனைத்துக்கும் முன்னதாக, மலையடிவாரத்துத் தோட்டங்களில் லயன்களுக்கு அருகே பீலியில் வீழும் தண்ணீர் இருக்கிறது. அந்தப் பீலியில் குடம் வைப்பவரே இக்காட்டின் முதற் பயனாளர்.

இக்காடு தப்பியது எவ்வாறு? மலைநாட்டுக் காடுகள் பெருமளவில் அழிந்தது கோப்பிப் பயிர் காரணமாக. 1830களிற் தொடங்கி, சில பத்தாண்டுகளுக்குள் கண்டியைச் சூழ்ந்த மலைகள் மொட்டையாக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்த தொழிலாளர் கைகளாலேயே அம்மரங்கள் வெட்டப்பட்டன. கோடரி அவர் கையில் இருந்தது. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தவர் அவரல்லர்.

காடழிந்தால் மழையும் மண்ணும் கெடும் என்று அக்காலத் தாவரவியலறிஞர் அஞ்சினர். 1873ஆம் ஆண்டில், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாது விடுமாறு ஆலோசனை கூறினார். அதனையொட்டி அவ்வுயரத்துக்கு மேல் காடு வெட்டுவதைத் தடுத்து அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அமெரிக்கா யெலோஸ்டோன் பிரதேசத்தை உலகின் முதலாவது தேசிய பூங்காவாக்கியிருந்தது. அங்கே காட்சியின் அற்புதத்தை மக்கள் கண்டு மகிழ வேண்டும் என்பது நோக்கம். இலங்கையில் யாரும் காட்சியைப் பற்றிப் பேசவில்லை.

ஹூக்கரின் கோட்டுக்குள்ள பெறுமதி பின்னரே தெரிந்தது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்துபோக, அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பி விரும்பாத குளிர்ந்த உயரங்களிலும் தேயிலை செழிக்கும். உயரத் தேயிலைக்கு விலையும் மிகுதி. தடை இல்லாதிருந்தால் ஹோட்டன் சமவெளியும் இன்று இலக்கமிட்ட மலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு. அந்தக் கோடு முழுமையாகக் காக்கப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. நுவரெலியா நகரைச் சுற்றி 6000 அடியிலும் தேயிலை நிற்பதை எவரும் காணலாம்.

கடலோரத்து யாலவும் வடமேற்கே வில்பத்துவும் 1938ஆம் ஆண்டிலேயே தேசிய பூங்காக்களாயின. மலைமேல் இருந்த இச்சமவெளிக்கு அந்நிலை கிட்ட அரை நூற்றாண்டு சென்றது. 1960களில் இதன் புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டுப் பார்த்து, பின்னர் கைவிட்டனர். 1969 டிசம்பர் 5ஆம் திகதி இது வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988 மார்ச் 18ஆம் திகதி தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டில், சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைக்காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது.

மரபுரிமை என்று உலகம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கு வாழ்வதே. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இலங்கையின் இவ்வுயர்ந்த மலைகளுக்கே உரியது. மறைந்தே போயிற்றென எண்ணப்பட்ட குளிர்மலைத் தேவாங்கு ஒன்று இங்கு முதன்முறையாகப் படம் பிடிக்கப்பட்ட செய்தி 2010இல் வெளியாயிற்று. இழப்புகளும் உள. ஒருகாலத்தில் இங்கு திரிந்த யானைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியோடு இல்லாமற் போயின. வெள்ளைக்காரத் துரைமாரின் வேட்டைக்களமாக இருந்த இடம் இது. சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரரின் பெயர் இங்குள்ள நீர்வீழ்ச்சிக்கு இன்றும் வழங்குகிறது. வேட்டை நின்ற பின் மரைகள் பெருகின. அவற்றை நம்பிச் சிறுத்தையும் வாழ்கிறது.

இன்று சமவெளிக்குத் துப்பாக்கியோடு எவரும் வருவதில்லை, பார்ப்பதற்கே வருகின்றனர். சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றிவரும் ஒன்பது கிலோமீற்றர் நடைபாதையில், நீண்ட விடுமுறை நாட்களில் மனிதவரிசை அறுவதில்லை. நுழைவாயிலில் அதிகாரிகள் பொலித்தீனைச் சோதித்து நீக்குகின்றனர். அப்படியிருந்தும் உணவின் வாசனை பட்ட உறைகளை விழுங்கி மரைகள் மாண்ட செய்திகள் வந்திருக்கின்றன. பயணிகள் கையிலிருந்து தின்னப் பழகிவிட்ட மரை வாகனத்துக்கு அஞ்சுவதில்லை. அஞ்சாத விலங்கு காட்டுவிலங்காக நெடுநாள் வாழ்வதும் அரிது. ஐரோப்பியர் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடியாகிய கோர்ஸ் புல்வெளியைப் பிடித்து வருகிறது. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. வரட்சி, மண்ணின் கேடு, காற்றின் மாசு என ஆய்வாளர் பல காரணம் கூறினும் ஒருமுடிபுக்கு வரவில்லை.

பார்க்க வருவோரைத் தடுத்துவிடுவதே வழி என்று சிலர் கூறுவர். அது சரியன்று. நுழைவுக் கட்டணம் தரும் வருவாயும், பார்த்தவர் உள்ளத்தில் எழும் பற்றும் காட்டுக்குக் காவலாகும். ஆனால் எத்தனை பேர் வந்தனர் என்பதைப் பெருமையாகக் கணக்கிடுவதை விடுத்து, ஒரு நாளில் எத்தனை பேரை அந்தப் பாதை தாங்கும் என்று கணக்கிட வேண்டும். பயண வருவாய் யாருக்குச் செல்கிறது என்பதும் கேட்கத்தக்கதே. விடுதிகளும் வாகனங்களும் பெரும்பாலும் நகரத்தாருடையவை. காட்டோரத்தில் நாலைந்து தலைமுறையாக வாழும் தோட்ட மக்களுக்கு அதிற் கிடைப்பது சொற்பம். விறகுக்காகக் காட்டோரம் செல்லும் பெண்ணிடம் காட்டைக் காக்கச் சொல்வது எளிது. அவள் வீட்டு அடுப்புக்கு மாற்று எரிபொருளும், அவள் மகனுக்கு வழிகாட்டியாக ஒரு தொழிலும் கொடுத்துவிட்டுச் சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பிருக்கும். மூடுபனியின் போக்கையும் பறவையின் குரலையும் அறிந்த இளைஞர் டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் பலர் உளர். ஆங்கிலமும் சிங்களமும் சிறிது பயிற்றினால் அவர்களை விடச் சிறந்த வழிகாட்டிகள் கிடைப்பதரிது.

உலக முடிவு என்னும் செங்குத்தான பாறைவிளிம்பில் நிற்பவர், ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே நன்பேரியல் தேயிலைத் தோட்டத்தைக் காண்கிறார். லயன் கூரைகள் தீப்பெட்டிகளாகத் தோன்றுகின்றன. இக்காட்சியைக் காணக் கடல் கடந்து வருவோர் பலர். அடிவாரத்துத் தோட்டப் பாடசாலை மாணவருள் மேலேறி வந்து பார்த்தவர் சிலரே. தம் பீலித் தண்ணீர் பிறக்கும் இடத்தை அவர்களுக்கு நேரிற் காட்ட ஒரு பேருந்தும் ஒரு விடியற்காலையும் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஆனால் இருளோடு புறப்பட வேண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிவந்து பள்ளத்தாக்கை மூடிவிடும்.