கடுகளவு ஓடு சொல்லும் கதை

புதைபடிவம் என்றதும் மாணவர்கள் டைனோசரைத்தான் நினைப்பார்கள். இந்த முறை கடுகளவே உள்ள ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போவோம்.

பெயர் ஹெலிகோனாய்டிஸ் மெர்சினென்சிஸ். வாயில் நுழையவில்லையா? பயப்படாதீங்க. பிரான்சின் பாரிஸ் வடிநிலத்தில் மெர்சின் என்ற ஊர் இருக்கிறது. 'மெர்சினென்சிஸ்' என்றால் 'அந்த ஊரைச் சேர்ந்தது', அவ்வளவுதான். 1885-இல் வாத்தலே, லெஃபேவ்ர் என்ற இருவர் இதைப் பெயரிட்டு விவரித்தனர். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன கடல் நத்தை இது. இன்று உள்நாட்டில் இருக்கும் அந்த ஊர்ப்பகுதி அன்று கடலடியில் இருந்தது.

இது கடலடியில் ஊர்ந்த நத்தை அல்ல, நீந்தியது. சதைதான் அழிந்துவிட்டதே, எப்படித் தெரியும்? இதேபோல் இடப்பக்கம் சுருண்ட மெல்லிய ஓடுள்ள உறவினங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் கால் இரண்டு சிறகுகளாக விரிந்திருக்கும். அதனால்தான் அவற்றைக் 'கடல் வண்ணத்துப்பூச்சி' என்கிறார்கள். இப்படி நீந்தும் இனத்தை நீரோட்டம் வெகுதூரம் பரப்பும். ஒரே இனம் இரண்டு நாட்டுப் பாறைகளில் கிடைத்தால், அந்தப் பாறைகளின் காலத்தை ஒப்பிட முடியும்.

ஆனால் ஒரு சிக்கல். ஓடு அராகோனைட்டால் ஆனது. இது கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். கால்சைட்டைவிட எளிதில் கரையும். ஆழ்கடலில் பெரும்பாலான ஓடுகள் படிவமாவதற்கு முன்பே கரைந்துவிடும். ஆகவே, 'புதைபடிவம் கிடைக்கவில்லை, எனவே உயிரினம் வாழவில்லை' என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு கெராங் ஓடு போதும். அதுவும் அராகோனைட்தான். வினிகரில் போட்டால் கார்பன் டைஆக்சைடு குமிழ் குமிழாக வரும், பாருங்க.

கடல் வினிகர் அல்ல. அதன் பி.எச். மதிப்பு இன்றும் சுமார் 8.1, அதாவது காரத்தன்மை உடையது. 'கடல் அமிலமாகிவிட்டது' என்பது பிழை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரையக் கரைய அந்த மதிப்பு இறங்குகிறது என்பதே சரி. அப்போது ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகளும் குறையும். தென் பெருங்கடலில் உயிரோடு பிடித்த கடல் வண்ணத்துப்பூச்சிகளின் ஓடுகளிலேயே அரிப்பு தெரிந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி: இன்றைய ஓடுகள் கரைந்தே போனால், நாளைய ஆய்வாளருக்கு எந்தச் சான்று மிஞ்சும்?