தற்காலிகக் குழாய் எத்தனை நாள்?

வடசென்னையில் பழைய தலைமுறையினர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வது ஸ்டான்லி அரசு மருத்துவமனையைத்தான். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத் தொழிலாளர் குடும்பங்கள் நோய் என்றால் நாடும் இடம் அது. இத்தகைய மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவில், சிலருடைய கழுத்தோரம் இரு முனைகள் கொண்ட குழாய் ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது எதற்கு?

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. கையிலுள்ள சாதாரணச் சிரையில் அவ்வளவு ஓட்டம் இல்லை. ஆகவே அவசர காலத்தில் கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் அருகுவரை குழாயைச் செலுத்துகின்றனர். 1961-இல் லண்டன் மருத்துவர் ஷால்டன், தொடைச் சிரையில் இவ்வாறு குழாய் செலுத்தி வழிகாட்டினார்.

தோல் நம் உடலின் மதிற்சுவர். குழாய் அதில் திறந்த வாசல். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் குழாயைப் பற்றி உள்ளே சென்று, வழவழப்பான படலம் கட்டி வாழும். அதனுள் மருந்து எளிதில் புகாது. அங்கிருந்து அவை இரத்தத்தில் பரவி இதய வால்வுகளையும் தாக்கலாம். மேலும், குழாய் உராய்வதால் சிரை தழும்பேறிச் சுருங்கும். அதனால்தான் கழுத்தில் இடும் தற்காலிகக் குழாய்க்கு இரண்டு வாரமே எல்லை என்கின்றனர்.

மாதக்கணக்கில் வேண்டுமானால் வேறு குழாய் உண்டு. அதை மார்புத் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் கொண்டு செல்வார்கள். அதைச் சுற்றியுள்ள பாலியெஸ்டர் பட்டையில் சில வாரங்களில் திசு வளர்ந்து, கிருமிக்குத் தடையாகிறது. ஆயினும் அபாயம் குறையுமே தவிர மறையாது.

பெரும்பாலோர்க்குச் சிறந்த வழி ஃபிஸ்டுலா. மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் இம்முறையை 1966-இல் நியூயார்க் மருத்துவர்கள் பிரெஸியா, சிமினோ முதலியோர் வெளியிட்டனர். ஆனால் சிரை பருத்துத் தயாராகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆகும். அறுவை செய்தால் கூலி போகுமே என்று நாளைக் கடத்துபவரிடம்தான் தற்காலிகக் குழாய் நீண்ட நாள் தங்கிவிடுகிறது.

குழாய் இருக்கும்வரை கட்டு நனையக் கூடாது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வையால் கட்டு பெயர்ந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். மூடிகளை வீட்டில் திறக்கவே கூடாது. குளிர்காய்ச்சல் வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழாய் கழன்று விழுந்தால், அந்த இடத்தை அழுத்திப் பிடித்துப் படுத்தபடியே உதவி கேளுங்கள். ஃபிஸ்டுலாவுக்கென ஒதுக்கிய கையில் ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.

குழாய் பொருத்தும் நாளிலேயே, "இதை எப்போது எடுப்பீர்கள்? ஃபிஸ்டுலா எப்போது?" என்று மருத்துவரிடம் கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.