வேகம் உதவாத கலவை

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடி உருளைகள். இடைவெளியில் கிளிசரின், அதில் ஒரு துளிச் சாயம். உள் உருளையை மெல்லச் சில சுற்றுகள் சுற்றினால் சாயம் இழுபட்டு மங்கிப்போகும். கலந்துவிட்டது என்றே தோன்றும். அதே அளவு திருப்பிச் சுற்றினால் துளி மீண்டும் திரண்டு நிற்கும்! 1960களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் படமெடுத்துக் காட்டிய சோதனை இது. பசை, ரப்பர், பற்பசை ஆலைகள் நாள்தோறும் மல்லுக்கட்டுவது கெட்டியான திரவங்களின் இந்தக் குணத்தோடுதான்.

தண்ணீரைக் கலக்கினால் பெரிய சுழி சிறு சுழிகளாக உடைந்து, பாதி வேலையைத் தானே முடித்துவிடும். பாகுநிலை ஏற ஏற, சுழிகள் பிறக்கும் முன்பே அடங்கிவிடுகின்றன. ஓட்டத்தின் வேகத்தைப் பாகுநிலையோடு ஒப்பிடும் அளவு ரெனால்ட்ஸ் எண். கலக்கும் தொட்டியில் அது 10,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பு. 10-க்குக் கீழே வரிச்சீர் ஓட்டம் மட்டுமே. அங்கே சின்ன விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் அதை ஒட்டிய பகுதிதான் அசையும். சுவரோரம் அப்படியே கிடக்கும். செலவான மின்சாரம் வெப்பமாகிச் சரக்கைக் கெடுக்கும்.

பரோட்டா மாவைப் போல இழுத்து மடித்து, மறுபடி இழுப்பதே வழி. சுவரை ஒட்டி ஓடும் நங்கூர வடிவத் துடுப்பு வட்டமாகத் தள்ளும். மேலும் கீழும் புரட்டாது. புரட்டுவதற்குத் திருகுநாடாத் துடுப்பே மேல். இவற்றையெல்லாம் விட அழகானது, அசையும் பாகமே இல்லாத குழாய் மிக்ஸர். உள்ளே வரிசையாக நிற்கும் முறுக்குத் தகடுகள் ஒவ்வொன்றும் ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கும். 12 தகடுகள் தாண்டினால் 4,096 அடுக்குகள்! இருகூறு எப்பாக்ஸி பசையின் முனைக்குழாயில் தெரியும் சுருள் இதுதான். தள்ளுவதற்கு நல்ல அழுத்தம் மட்டும் வேண்டும்.

கடினமான தேர்வு ராக்கெட்டின் திட எரிபொருள். பிசின் போன்ற ரப்பர் திரவத்தில் அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் சேர வேண்டும். உராய்ந்தால் தீப்பற்றலாம், காற்றுக்குமிழி தங்கினால் எரிதல் தாறுமாறாகும். அதனால் வெற்றிடத்தில், தம்மைத் தாமே சுற்றியபடி கிண்ணத்துக்குள் வலம்வரும் துடுப்புகளால் கலக்கிறார்கள். துடுப்புகள் மேலிருந்து இறங்குவதால் பேரிங்குகள் கலவைக்குள் மூழ்குவதில்லை.

இஸ்ரோவும் பெங்களூருவின் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும் உருவாக்கிய இத்தகைய 10 டன் மிக்ஸர் 2025 பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்டது. எல்விஎம்3 ராக்கெட்டின் ஒவ்வொரு பக்கவாட்டு மோட்டாருக்கும் சுமார் 200 டன் எரிபொருள் வேண்டும். ஒரே தடவையில் கலக்கும் ஈடு பெரிதானால் ஈடுகளின் எண்ணிக்கை குறையும். ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் தரம் மாறும் வாய்ப்பும் குறையும்.