மின்ட் எரர் காசா, அடிபட்ட காசா? பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

"இந்த ஒரு ரூபாய் இருந்தா நீங்க லட்சாதிபதி!" இப்படி ஒரு ரீல்ஸ் உங்க போனிலும் வந்திருக்கும். அதை நம்பி சம்பளத்துல ஒரு பகுதியைக் கொடுத்து 'எரர் காயின்' வாங்குறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்தக் குறை நாணயச்சாலையில் வந்ததா, வெளியே வந்த பிறகு வந்ததா? முதலாவதுக்குத்தான் மதிப்பு.

1. கோடு மேடா, பள்ளமா?
அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் புகும். அதனால காசில் கோடு மேடாகத் தெரியும். பள்ளமான கோடு பெரும்பாலும் வெறும் கீறல்தான்.

2. தங்க நிற ஒரு ரூபாய்
இப்போதைய 1, 2 ரூபாய் காசுகள் துருப்பிடிக்காத எஃகு. அதுக்கு முலாமே கிடையாது. தங்கமா மின்னினா, வெளியே யாரோ பூசியிருக்காங்க. அமெரிக்க ஒரு சென்ட் கதை வேற. 1982 முதல் அது துத்தநாகம், மேலே மெல்லிய செம்பு முலாம். அடியில் காற்று சிக்கிக் கொப்புளம் வரும். இது நாணயச்சாலைக் குறைதான். ஆனா ரொம்ப சாதாரணம் என்பதால் கூடுதல் விலை கிடைக்காது.

3. ஓரம் வெட்டுப்பட்ட காசு
தகடு வெட்டும்போதே குறைந்திருந்தால், வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். அங்கே விளிம்பு கூர்மையா இருந்தா, அரம் போட்டு அறுத்தாங்களான்னு சந்தேகப்படுங்க.

4. தலைகீழ் எழுத்து
ரெண்டு காசை வைஸில் வச்சு இறுக்கினாலே கண்ணாடி எழுத்து பள்ளமாகப் பதியும். அசல் டிசைன் மேலேயே அது நசுங்கித் தெரிஞ்சா, விட்டுடுங்க.

5. சுழற்றிப் பாருங்க
நம்ம காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்கணும். நல்லா சாய்ந்து நின்றால் அது அச்சு திரும்பிய பிழை. சுத்தியலால் இதைச் செய்ய முடியாது. இரண்டு உலோகம் சேர்ந்த 10, 20 ரூபாய் காசில் மட்டும் நடுப்பகுதியைக் கழற்றி மாட்டினாங்களான்னு பாருங்க.

விற்கப் போறீங்களா?
"நாங்க வாங்கிக்கறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க"ன்னா அது மோசடி. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

காசு சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஆனா அதை எஸ்ஐபி-க்கு மாற்றா நினைக்காதீங்க. பில் தர்ற, திருப்பி எடுத்துக்கிற டீலரிடம் மட்டும் வாங்குங்க. உங்க உண்டியல்ல சந்தேகமான காசு இருக்கா? இந்த அஞ்சு சோதனையும் செஞ்சு, ரிசல்ட்டை கமெண்ட்ல சொல்லுங்க!